செருகுவது சுலபம், பிடுங்குவதுதான் கஷ்டம்

பென் டிரைவைக் கணினியிலிருந்து எப்படி எடுப்பீர்கள்? திரையின் மூலையில் உள்ள சின்னத்தைச் சொடுக்கி, அகற்றலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருந்து எடுப்பவரா நீங்கள்? அல்லது வேலை முடிந்ததுபோல் தோன்றியதும் விரலால் பற்றி இழுத்துவிடுபவரா? இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக அப்படிச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியம். அந்தத் தைரியம் போன மாதம் புக்கிட் ரோத்தானில், என் மாமா வீட்டுக் கூடத்தில் காலியானது.

மாமா தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இருந்த அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயன் வீடுகளில் இருந்தவர்கள் பெஸ்தாரி ஜெயா, ஜெராம், தஞ்சோங் காராங், கிள்ளான், ஷா ஆலாம் என்று சிதறிப்போனார்கள். (பெஸ்தாரி ஜெயா என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்காது. நம்முடைய பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான்.) அவர்கள் போவதற்கு முன் மாமா வீடு வீடாகச் சென்று ஒரு பட்டியல் எடுத்தார். எந்த லயன், எத்தனையாவது கதவு, குடும்பத்தில் யார் யார், அவர்களுடைய தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்கள், இப்போது குடிபோகும் இடம், தொலைபேசி எண். இருநூற்றுச் சொச்சம் குடும்பம். ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு மடிக்கணினியை வாங்கி, முரசு அஞ்சலில் இரவு இரவாக உட்கார்ந்து தட்டினார். அம்மன் கோயில் திருவிழா அழைப்பும் சாவுச் செய்தியும் பல வருடம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போயின.

பிறகு பிரிண்டர் கெட்டது. டிஸ்கெட் போடும் இடம் பழுதானது. விண்டோஸ் 95 ஓடும் அந்தக் கணினியில் யூஎஸ்பி துளையே கிடையாது, இணைய வசதியும் கிடையாது. கோயில் கமிட்டி இளைஞர்கள் புலனக் குழு தொடங்கப் பட்டியலைக் கேட்டபோதுதான் நிலைமை விளங்கியது. பட்டியல் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. வன்தட்டைக் கழற்றி எடுத்துவிடலாம் என்றேன். அந்தக் கணினியில் திருப்புளி வைக்க மாமா சம்மதிக்கவில்லை.

"சைட்ல ஒரு ஓட்டை இருக்கு பாரு தம்பி, அதுல ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

அந்த ஓட்டைதான் இந்த வாரக் கட்டுரை.

1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் வந்த மடிக்கணினி உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மைகார்டு நுழையும் அகலத்தில் ஒரு செருகுவாய் இருக்கும். அளவுகூட ஏறக்குறைய மைகார்டுதான்: 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம். தடிப்பு மட்டும் அதிகம், பெரும்பாலானவை 5 மில்லிமீட்டர். அதற்குள் போகும் அட்டைக்குப் பிசி கார்டு என்று பெயர். அதற்கு முந்தைய பெயர் பிசிஎம்சிஐஏ. அது உண்மையில் 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். மடிக்கணினிக்கான நினைவக அட்டைகள் ஆளுக்கொரு அளவில் இருக்கக் கூடாது என்பதற்காக நிறுவனங்கள் கூடி அமைத்த சங்கம். கணினித் துறையின் சுருக்கப் பெயர்களை மக்களால் மனப்பாடம் செய்ய முடியாது என்பதைத்தான் அந்த ஆறு எழுத்தும் குறிக்கின்றன என்று அந்தக் காலத்தில் கேலி செய்வார்கள். முதலில் நினைவகத்துக்கு மட்டும் என்று பிறந்த செருகுவாயில் மோடம் வந்தது, நெட்வொர்க் அட்டை வந்தது, வன்தட்டு வந்தது, வைஃபை வந்தது. 1995இல் கார்ட்பஸ் என்ற வேகமான வகை வந்தது. நாட்டில் 3ஜி சேவை தொடங்கிய 2005 வாக்கில், நடமாடும் இணையத்துக்கு விற்கப்பட்டவற்றிலும் இந்த வடிவ அட்டைகள் இருந்தன. பின்னர் எல்லாவற்றையும் யூஎஸ்பி விழுங்கிவிட்டது.

ஆனால் யூஎஸ்பி விழுங்கிய இடத்தில் ஒரு கடினமான பாடம் ஏற்கெனவே கற்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஒரு உறுப்பைப் பிடுங்கினால் என்ன செய்வது என்ற பாடம்.

பெரட்டும் கெர்னலும்

கணினியில் நீங்கள் தட்டும் செயலி எதுவும் வன்தட்டையோ திரையையோ நேரடியாகத் தொடுவதில்லை. இயங்குதளத்தின் நடுவில் கெர்னல் என்ற பகுதி இருக்கிறது. எல்லா வேலையும் அதன் வழியாகத்தான் நடக்கும். ஒவ்வொரு வன்பொருளுக்கும் பேச்சு வேறு. அந்தப் பேச்சைக் கெர்னலுக்குப் புரியவைக்கும் சிறு நிரல்தான் இயக்கி. கடையில் 'டிரைவர்' என்பார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: பெரட்டு. விடியுமுன் ஆபீஸ் வாசலில் கங்காணி பெயர் கூப்பிடுவார். வந்தவர்களை எண்ணி நிரை பிரித்துக் கொடுப்பார். அதன்பின் ஆள் எங்கே இருக்கிறார் என்ற சந்தேகமே வராது, வேலை முடியும்வரை அவரவர் நிரையில் இருப்பார்கள். ஆரம்பகாலத்துத் தனிநபர் கணினிகளின் கெர்னலும் அப்படித்தான். மின்சாரம் வந்ததும் ஒரு பெரட்டு நடக்கும். விசைப்பலகை இருக்கிறதா, வன்தட்டு இருக்கிறதா, பிரிண்டர் வாசல் எது என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கப்படும். கணினியை அணைக்கும்வரை அந்தக் கணக்கு மாறாது என்பதை நம்பியே எல்லா இயக்கிகளும் எழுதப்பட்டன.

அதற்குள் பிசி கார்டு நுழைந்தது. பத்து மணிக்கு வந்து நிற்கும் ஆள். பேர் கேட்டு, வேலை கொடுத்து, வாளியைக் கையில் கொடுத்தால், பதினொரு மணிக்குப் பாதி மரத்தில் வெட்டை நிறுத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுவார். வாளியோடு.

வருகிற ஆளைச் சமாளிப்பது அவ்வளவு சிரமமில்லை. ஒவ்வொரு பிசி கார்டுக்குள்ளும் அதன் சுயவிவரம் எழுதப்பட்டிருக்கும். சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும் சிறு குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பிலும் முதல் எண் இது என்ன வகைக் குறிப்பு என்று சொல்லும், இரண்டாவது எண் அதன் நீளம், பிறகு விஷயம். தயாரித்தவர் யார், என்ன மின்னழுத்தம் வேண்டும், வேலை என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. வேலைக்கும் எண் இருக்கிறது: 2 என்றால் மோடம் போன்ற தொடர் வாசல், 4 என்றால் வட்டு, 6 என்றால் நெட்வொர்க். 255 என்ற எண் வந்தால் சங்கிலி முடிந்தது. கெர்னல் இதைப் படித்துப் பொருத்தமான இயக்கியைக் கூப்பிடும்.

சுயவிவரத்தில் பொய்யும் பிழையும் இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? சில அட்டைகள் தங்கள் வேலையையே தப்பாகச் சொல்லின. அதனால் லினக்ஸ் இயங்குதளத்தில், அட்டை சொல்வதை ஒதுக்கிவிட்டு அதற்குப் பதிலாகப் படிக்கத் திருத்திய சுயவிவரக் கோப்புகளே சேர்த்து வைக்கப்பட்டன.

லினக்ஸைப் பற்றி அதிகம் பேசுவதற்குக் காரணம் உண்டு. அதன் மூல நிரலை யாரும் திறந்து படிக்கலாம், விண்டோஸில் அது முடியாது. 1990களில் லினக்ஸுக்கான பிசி கார்டு மென்பொருளை எழுதிப் பராமரித்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டேவிட் ஹைண்ட்ஸ். பல ஆண்டு அது கெர்னலுக்கு வெளியே தனித் தொகுப்பாகவே இருந்தது. 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில்தான் பிசி கார்டு ஆதரவு உள்ளே சேர்ந்தது. கார்ட்பஸ் செருகுவாய்க்கான இயக்கியை லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே எழுதினார். அதன் பெயர் யெந்தா. யூதர்களின் இத்திஷ் பேச்சில் ஊர்வம்பு பேசும் பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள். செருகுவாயில் யார் வந்தார், யார் போனார் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் இயக்கிக்குப் பொருத்தமான பெயர். எனக்குத் தோட்டத்துக் குழாயடி நினைவுக்கு வருகிறது.

ஹைண்ட்ஸின் தொகுப்பு அட்டை செருகியதும் ஒலி எழுப்பும். இரண்டு உச்ச ஒலி என்றால் அட்டை அடையாளம் தெரிந்தது, வேலைக்கும் அமர்த்தியாயிற்று. உச்ச ஒலிக்குப் பின் தாழ்ந்த ஒலி என்றால் ஆள் தெரிந்தது, வேலை கொடுக்க முடியவில்லை. ஒரே ஒரு தாழ்ந்த ஒலி என்றால் ஆளே யாரென்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, மோடம் அட்டையைச் செருகி, 1515 எண்ணுக்கு அழைத்து இணையத்தில் நுழைந்தவர்களுக்கு அந்த இரண்டாவது ஒலிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது மறந்திருக்காது. எனக்குத் தாழ்ந்த ஒலிதான் அதிகம் கேட்டது.

ஒன்றரை மில்லிநொடி

இப்போது பிடுங்குவதற்கு வருவோம்.

செருகுவாயின் உள்ளே 68 ஊசிகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்தாலும் எல்லாம் ஒரே நீளம்போலத்தான் தெரியும். ஆனால் அவை மூன்று நீளம். மின்சாரத்துக்கும் தரைக்கும் உரிய ஊசிகள் மிக நீளமானவை. தரவுக்கான ஊசிகள் சற்றுக் குட்டை. அட்டை வந்திருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு ஊசிகள் எல்லாவற்றிலும் குட்டை. அவை இரு ஓரங்களை ஒட்டி நிற்கின்றன, அட்டை கோணலாக நுழைந்தால் ஒன்று தொடும், மற்றது தொடாது.

இந்த நீள வித்தியாசத்தில்தான் சூட்சுமம். செருகும்போது குட்டை ஊசிகள் கடைசியில் தொடுவதால், அட்டை முழுசாக உட்கார்ந்த பிறகுதான் கணினிக்குச் செய்தி போகும். பிடுங்கும்போது அதே ஊசிகள் முதலில் விடுபடும். அதாவது மின்சாரமும் தரவுத் தொடர்பும் இன்னும் இருக்கும்போதே, ஆள் கிளம்பிவிட்டார் என்ற தகவல் கெர்னலுக்குப் போய்விடும். எவ்வளவு அவகாசம்? நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுக்கிறீர்கள், ஊசி நீளத்தில் வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மில்லிநொடி. நமக்கு அது ஒன்றுமே இல்லை. 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்ட்பஸ் தடத்துக்கு அது ஏறக்குறைய 50,000 துடிப்பு.

அந்த அவகாசத்தில் கெர்னல் செய்யக்கூடியது ஒன்றுதான்: இயக்கியிடம், இனி அந்த அட்டையைத் தொடாதே என்று சொல்வது. பாதியில் நிற்கும் வேலையை முடிக்க அது போதாது. நான் செய்த தவறு அங்கேதான். கோப்பு நகலாகிவிட்டது என்று திரையில் பெட்டி மறைந்தாலும், கடைசிச் சில துண்டுகள் நினைவகத்தில் காத்திருக்கலாம். அட்டையில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் அப்படியே. வட்டுக்கு எழுதும் வேலையைக் கெர்னல் சேர்த்து வைத்து மொத்தமாகச் செய்வதால்தான் கணினி நமக்கு வேகமாகத் தெரிகிறது. 'பாதுகாப்பாக அகற்று' என்ற பொத்தான் அந்தப் பாக்கி வேலையை முடிக்கச் சொல்லும் உத்தரவு.

இயக்கியை எழுதுபவருக்கு இதைவிட மோசமான தலைவலி ஒன்று உண்டு. 'தொடாதே' என்ற செய்தி வந்து சேரும் நேரத்தில் இயக்கி அட்டையோடு பேச்சின் நடுவில் இருந்தால்? காலியான செருகுவாயிலிருந்து ஒரு எண்ணைப் படித்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பெரும்பாலும் எட்டு பிட்டும் ஒன்றாக, 255 என்ற எண் வரும். அந்த 255க்கு இயக்கியின் பார்வையில் அர்த்தம் இருக்கிறது: தரவு வந்திருக்கிறது, அனுப்பத் தயார், பிழையும் இருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில். 'தரவு தீரும்வரை படித்துக்கொண்டே இரு' என்று எழுதப்பட்ட இயக்கி, இல்லாத அட்டையிலிருந்து தீராத தரவை முடிவில்லாமல் படித்துக்கொண்டே இருக்கும். கணினி உறைந்துவிடும். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டி, நம் குரலின் எதிரொலியையே பதிலாக எடுத்துக்கொள்வதுபோல. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் எழுதிய இயக்கிகளில், படித்த எண் முழுக்க ஒன்றாக இருந்தால் ஆள் போய்விட்டார், உடனே வெளியேறு என்ற வரி இருக்கும்.

நமக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. வைஃபை சில்லுகள் தயாரித்த ஏதெரோஸ் நிறுவனம் 2008இல் லினக்ஸுக்கு ஏடிஎச்9கே என்ற திறந்த இயக்கியை வெளியிட்டது. அதன் சில்லுகள் கார்ட்பஸ் அட்டைகளிலும் வந்தன. அந்நிறுவனத்தின் சென்னை அலுவலகப் பொறியாளர்கள் பலர் அந்த இயக்கியில் உழைத்தார்கள். மூல நிரலின் வரலாற்றைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். சில்லு கூப்பிடும்போதெல்லாம் ஓடும் பகுதியை அதில் திறந்து பாருங்கள். முதலில் நடக்கும் சோதனை, வன்பொருள் இருக்கிறதா, தயாரா என்பதுதான். இல்லையென்றால் எதையும் தொடாமல் திரும்பிவிடும். யாரும் பாராட்டாத வரி அது. அது இல்லாவிட்டால்தான் எல்லோருக்கும் தெரியவரும்.

பூட்டை மாற்றாத வீடு

எழுதியவர்கள் எல்லோரும் அப்படிக் கவனமாக இருக்கவில்லை. 2022இல் லினக்ஸ் கெர்னலில் இருந்த மூன்று பிசி கார்டு இயக்கிகளில் ஒரே மாதிரியான பாதுகாப்புக் குறை வெளிவந்தது. மூன்றும் ஸ்மார்ட் கார்டு வாசிப்பான் அட்டைகளுக்கானவை. ஒரு செயலி அந்த வாசிப்பானைத் திறக்கும் அதே கணத்தில் யாராவது அட்டையைப் பிடுங்கினால், இயக்கி தன் நினைவக இடத்தைக் காலி செய்துவிடும். ஆனால் திறந்துகொண்டிருக்கும் பகுதிக்கு அது தெரியாது, பழைய இடத்தையே பயன்படுத்தும். லயனில் ஒரு குடும்பம் காலி செய்து போகிறது, ஆபீஸ் அந்த வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறது, பழைய குடும்பத்துப் பையன் பழைய சாவியோடு வந்து கதவைத் திறந்து உள்ளே நடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இப்போது யார் இருக்கிறார், என்ன வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து எதுவும் நடக்கலாம். தாக்க நினைப்பவர் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்து, சரியான நொடித்துளியில் அட்டையை இழுக்க வேண்டும் என்பதால் நடைமுறையில் அபாயம் குறைவு. குறை மட்டும் குறைதான்.

அதைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. 2023இல் வந்த 6.4 கெர்னலில் அந்த இயக்கிகளையே தூக்கிவிட்டார்கள். பிழைகள் உள்ளவை, பராமரிப்பும் குறைவு என்பது சொன்ன காரணம். அவற்றோடு நீக்கிய ஒரு துணைக் கோப்பைப் பற்றி, யாராவது குறை சொன்னால் திரும்பச் சேர்க்கலாம் என்றும் குறிப்பு எழுதினார்கள். அதன்பின் பழைய பிசி கார்டு வைஃபை அட்டைகளின் இயக்கிகள் பலவும் அதே வழியில் போயின.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு மனம். பராமரிக்க ஆளில்லாத இயக்கி உங்கள் வீட்டுப் பின்கதவு மாதிரி. அதைப் பயன்படுத்தாதவர்களின் கணினியிலும் அந்த ஓட்டை சேர்ந்தே போகக்கூடும். சம்பளமில்லாமல் வேலை செய்யும் ஒருவரிடம், முப்பது ஆண்டுக்கு முந்தைய அட்டையைத் தேடி வாங்கி, செருகிப் பிடுங்கிச் சோதித்துத் திருத்து என்று கேட்கவும் நமக்கு உரிமையில்லை. நீக்கியது சரி என்றே சொல்வேன். ஆனால் 'யாரும் குறை சொல்லவில்லை' என்பதற்கு 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று பொருளாகாது. கணினி கடையில் ஒன்றுக்கும் ஆகாது என்று ஒதுக்கியது தோட்டப்புறத்து டியூஷன் வகுப்பிலும் கோயில் அலுவலகத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இருப்பவருக்கு எங்கே போய்க் குறை சொல்வது என்பதே தெரியாது. என் மாமா அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ கடிதம் போடப் போவதில்லை. ஒரு நல்ல செய்தி, பழைய கெர்னல்களின் மூல நிரல் அழிக்கப்படுவதில்லை. 2.4ஐ இன்றும் இணையத்திலிருந்து இறக்கலாம். பழைய கணினிக்குப் பழைய வெளியீட்டையே போட்டு, இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்தலாம்.

சரி, புக்கிட் ரோத்தான் என்ன ஆயிற்று?

பழைய டிஜிட்டல் கேமராக்களில் இருந்த காம்பேக்ட்ஃபிளாஷ் நினைவக அட்டை நினைவிருக்கிறதா? 1994இல் வந்தது. அது மின்னணு முறையில் பிசி கார்டின் குட்டித் தம்பி. 68 ஊசிக்குப் பதில் 50 ஊசி, அவ்வளவுதான். நடுவில் எந்தச் சில்லும் இல்லாத வெறும் தகடு போன்ற ஒரு மாற்றியில் அதை வைத்தால் பிசி கார்டாகிவிடும். கணினிக்கு அது ஒரு சிறிய வன்தட்டுபோலத் தெரியும். இதற்கான இயக்கி விண்டோஸ் 95இலேயே இருக்கிறது. என்னிடம் 128 எம்பி அட்டை ஒன்று கிடந்தது. பெரியதைத் தேடாதீர்கள், முதல் விண்டோஸ் 95க்கு 2 ஜிபிக்கு மேற்பட்ட பிரிவைப் படிக்கத் தெரியாது.

செருகினேன். புதிதாக ஒரு டிரைவ் முளைத்தது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கோப்பை இழுத்துப் போட்டேன், காகிதம் பறக்கும் படம் வந்து மறைந்தது. பென் டிரைவ் பழக்கத்தில் கை தானாகப் போய் அட்டையை இழுத்துவிட்டது.

திரை நீலமானது. எந்த விசைக்கும் அசையவில்லை. கணினியை அணைத்து மறுபடி போட ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் மாமா ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். விண்டோஸ் எழுந்தது. மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது. என் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தபோது நினைவக அட்டையில் கோப்பின் பெயர் மட்டும் இருந்தது, அளவு பூஜ்யம்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். இந்த முறை நகல் எடுத்த பிறகு, கீழ்ப்பட்டையில் இருந்த பிசி கார்டு சின்னத்தைச் சொடுக்கி, அட்டையை நிறுத்தச் சொன்னேன். அகற்றலாம் என்று பெட்டி வந்தது. அதற்குப் பிறகும் எனக்குக் கை வரவில்லை.

"இப்போ எடுக்கலாமா?" என்றார் மாமா.

"எடுக்கலாம் மாமா. நீங்களே எடுங்க."

பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். அட்டை மெல்ல வெளியே வந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது பூட்டிக் கிடந்தால் சில விஷயம். வன்தட்டைக் கழற்ற மனம் வந்தால் அதுவே சுலபமான வழி, பழைய இரண்டரை அங்குல வன்தட்டை யூஎஸ்பியில் மாட்டும் மாற்றிகள் இன்றும் விற்கின்றன. கழற்ற மனமில்லையென்றால் காம்பேக்ட்ஃபிளாஷும் மாற்றியும் தேடுங்கள். இரண்டையும் சேர்த்தாலும் கையடக்கம்தான். செருகுமுன் உள்ளே டார்ச் அடித்து ஊசி ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அட்டை நுழைய மறுத்தால் தள்ளாதீர்கள். 3.3 வோல்ட்டில் ஓடும் கார்ட்பஸ் அட்டை பழைய 5 வோல்ட் செருகுவாய்க்குள் போய்விடக் கூடாது என்றுதான் அதன் ஓரத்தை வேறு மாதிரி வெட்டியிருக்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் கட்டணச் சேவைக்கான அட்டை போடும் அதே அளவுச் செருகுவாய் இருந்தால், அதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். ஐரோப்பியத் தொலைக்காட்சித் தரம் இதே உருவத்தைக் கடன் வாங்கிக்கொண்டது. ஆனால் அதில் மாமாவின் பட்டியலைச் செருக முடியாது.

பட்டியல் என் கணினியில் திறந்தபோது எழுத்தெல்லாம் கிறுக்கலாக வந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது, மாற்றுநிரலில் ஓட்டியதும் பெயர்கள் தெரிந்தன. மாமாவும் கோயில் கமிட்டிப் பையன்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகவரிகள் பாதிக்கு மேல் மாறிவிட்டன. தொலைபேசி எண்கள் எல்லாம் ஏழு இலக்கம், 03 வட்டாரத்தில் எண்கள் எட்டு இலக்கமாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. மூன்றாம் லயன் ஐந்தாம் கதவில் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, போன வாரம் பெஸ்தாரி ஜெயாவுக்கு ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறான்.